மூச்சு தரும் கருவியும் நம் இல்லங்களின் அச்சமும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே புறப்பட்டு, முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் போடிமெட்டு வருகிறது. பொழுது புலருமுன்பே தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் அந்த வளைவுகளில் வரிசையாக ஏறிச் செல்வதை நம் வாசகர்களுள் பலர் நாள்தோறும் காண்கின்றனர். அவற்றுள் அமர்ந்து செல்பவர்களும் நம் வாசகர்களே. ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கவும், களை வெட்டவும், மருந்து தெளிக்கவும் செல்லும் இம்மக்கள் மாலையில் இறங்கி வரும்போது, "ஏத்தத்துல மூச்சு வாங்கிருச்சு சாமி" என்பார்கள். மூச்சு என்பது வாங்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. மற்ற நேரமெல்லாம் அது தானாக வந்து தானாகப் போகிறது. மண்ணால் உருவான மனிதனின் நாசியில் இறைவன் ஊதிய அந்தக் கொடையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அந்த மூச்சு தானாக வராமல் நின்றுவிட்டால், அதைத் தரும் கருவி ஒன்று இன்று பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. வென்டிலேட்டர் என்று அதற்குப் பெயர். நம் மக்கள் சுருக்கமாக 'மிஷின்' என்கின்றனர். இக்கருவியைப் பற்றி நம் இல்லங்களில் இரண்டு அச்சங்கள் நிலவுகின்றன. கருவியைப் பொருத்தினால் ஆள் திரும்பமாட்டார் என்பது ஒன்று; பொருத்திய கருவியை எடுக்கச் சம்மதித்தால் கொலைப் பாவம் என்பது மற்றொன்று. இவ்விரு அச்சங்களாலும் நம் பங்கின் குடும்பங்கள் படும் துன்பத்தை அருகிலிருந்து கண்டவர் என்ற முறையில் இதனை எழுதுகிறோம்.

நள்ளிரவில் வந்த கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம். இரவு மூன்று மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. மலையடிவாரத்தில் வாழும் ஒரு தொழிலாளி பேசினார். தரையில் பாய் விரித்து உறங்கிய அவருடைய மனைவிக்கு நள்ளிரவில் வயிற்று வலி கண்டிருக்கிறது. பிறகு இமைகள் கனத்துச் சரிந்தன, பேச்சுக் குழறியது, எச்சிலை விழுங்க இயலவில்லை. காலில் பல் பட்ட தடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கட்டுவிரியன் தீண்டியிருந்தது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே மூச்சு குறைந்துபோக, ஆம்புலன்சில் இருந்த பணியாளர் காற்றுப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தபடி வந்திருக்கிறார்.

"சாமி, மிஷின்ல வைக்கணும்னு கையெழுத்துக் கேக்குறாங்க. வச்சா திரும்ப மாட்டாங்கன்னு கூட வந்தவுக எல்லாரும் சொல்றாக. வீட்டுக்கே கொண்டுட்டுப் போயிரவா? நீங்க சொல்லுங்க."

நம் குறையை மறைக்காமல் கூறுகிறோம். அந்நேரத்தில் நம் மனத்தில் முதலில் எழுந்தது, "இறைவன் சித்தம், வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், நாம் வந்து பூசுதல் கொடுக்கிறோம்" என்னும் பதில்தான். குருமடத்தில் அறநெறி இயல் பயின்றபோது, மிதமிஞ்சிய சிகிச்சைக்கு யாரும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று படித்திருக்கிறோம். மிதமிஞ்சியது எது, மிதமானது எது என்பதை அந்த இரவில் நாம் அறியோம். ஆயினும் ஏதோ ஒரு தூண்டுதலால், "மருத்துவர் அருகில் இருந்தால் போனைக் கொடு தம்பி" என்றோம்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் பேசினார். "ஃபாதர், அவங்க மூளை நல்லா இருக்கு. இதயம், நுரையீரல் எல்லாமே நல்லா இருக்கு. விஷம் மூச்சு விடுற தசைகளைக் கட்டிப் போட்டிருக்கு. அந்தக் கட்டு சில நாள்ல தானா அவிழும். அதுவரைக்கும் மூச்சுக்கு ஆள் வேணும். அவ்வளவுதான்."

மூச்சுக்கு ஆள் வேண்டும். எத்தனை எளிய சொற்கள்! கையெழுத்திடும்படி அந்தக் கணவரிடம் கூறினோம்.

காலையில் நாம் சென்று பார்த்தபோது அப்பெண்மணி இறந்தவரைப் போலவே கிடந்தார். இமை அசையவில்லை; விரல் அசையவில்லை. உறவினர்கள் படுக்கையருகிலேயே அடக்கச் செலவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். நான்காம் நாள் ஒரு விரல் அசைந்தது. ஆறாம் நாள் இமை திறந்தது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தனர். அதன்பின் அவர் நம்மிடம் சொன்னதை இன்றளவும் மறக்க இயலவில்லை: "எல்லாம் காதுல விழுந்துச்சு சாமி. பொட்டி வாங்குற வரைக்கும் பேசுனாக. நான் உசுரோட இருக்கேன்னு சொல்ல முடியலை."

கட்டுவிரியன் நஞ்சின் இயல்பு இது. உடலின் தசைகளை முடக்குமேயன்றி, அறிவை அது நேரே அழிப்பதில்லை. பாம்புக்கடிக்கான நச்சுமுறிவு மருந்தை உடனே கொடுத்தல் இன்றியமையாதது. எனினும் முன்பே முடங்கிவிட்ட தசைகளை அம்மருந்து விரைவில் எழுப்பாது. அவை எழும்வரை மூச்சைக் காப்பதே சிகிச்சை. அன்று நாம் வாய்தவறியிருந்தால், உணர்வோடு இருந்த ஒரு தாயை மூச்சின்றிச் சாகவிட்ட பழி நம்மைச் சேர்ந்திருக்கும்.

அச்சம் பிறந்த விதம்

மக்களுக்கு இந்த அச்சம் காரணமின்றி வந்ததன்று. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டதை நம் பகுதியில் எவரும் மறவார். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். ஊர் மக்களும் வனத்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் சேர்ந்து மீட்புப் பணியாற்றியும் ஒன்பது பேர் மலையிலேயே மாண்டனர். காயமுற்றோர் போடி, தேனி, மதுரை என மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அடுத்த நாட்களிலும் வாரங்களிலும் ஒருவர்பின் ஒருவராக இறக்க, இறந்தோர் தொகை இருபதைத் தாண்டியது. நாளிதழ்களில் அந்த எண்ணிக்கை ஏறுவதைக் கண்ட நம் மக்கள், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனவர் திரும்புவதில்லை என்று முடிவு கட்டினர். 2020, 2021 ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலம் அந்த எண்ணத்தை இன்னும் ஆழமாக வேரூன்றச் செய்தது.

ஆனால், தீக்காயமுற்றவர்களைக் கொல்வது கருவி அன்று. தோல் என்னும் அரண் எரிந்தபின் உடலின் நீர் வடிகிறது. கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகமும் நுரையீரலும் தளர்கின்றன. முகமும் கழுத்தும் வெந்தவர்க்கும் சூடான புகையைச் சுவாசித்தவர்க்கும் தொண்டை சில மணி நேரத்தில் வீங்கி அடைத்துவிடக்கூடும். அடைத்தபின் குழாய் செலுத்துவது மிகக் கடினம். ஆதலால்தான் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் மருத்துவர் முன்கூட்டியே குழாய் செலுத்த நேர்கிறது. "நல்லாப் பேசிக்கிட்டிருந்தவரைக் குழாயப் போட்டுப் படுக்க வச்சுட்டாங்க" என்னும் குற்றச்சாட்டு, பல சமயங்களில் இதை அறியாமையால் எழுவதே.

கைகளால் பிறந்த கலை

இக்கருவியின் வரலாறு அறியத்தக்கது. 1952 ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. சுவாசத் தசைகள் முடங்கிய நிலையில் சிறுவர் சிறுமியர் பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்து குவிந்தனர். உடலை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றும் 'இரும்பு நுரையீரல்' அங்கே ஒன்றே ஒன்று இருந்தது. மார்புக் கவசம் போன்ற கருவிகள் ஆறு இருந்தன. தொடக்க வாரங்களில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து மருத்துவர் அழைக்கப்பட்டார். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மயக்கமுற்றவர்க்குத் தாம் செய்துவந்ததையே இங்கும் செய்யலாம் என்றார் அவர். ஆகஸ்ட் 27 ஆம் நாள், மூச்சுத் திணறிக் கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர்ப் பையை அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து அமர்ந்து, இரவும் பகலும் பல வாரங்கள் நோயாளிகளுக்குக் கையாலேயே மூச்சுக் கொடுத்தனர். நூற்றுக்கு எண்பதுக்கும் மேலிருந்த இறப்பு இருபத்தைந்து அளவுக்குக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் இதுவே என்பர். அக்கைகளின் வேலையைத்தான் இன்று மின்சாரக் கருவி செய்கிறது. 1956 இல் அதே டென்மார்க்கில் வெளிவந்த 'ஆம்பு' பையைத்தான் அந்த இரவில் நம் பங்கைச் சேர்ந்த பெண்மணிக்காக ஆம்புலன்ஸ் பணியாளர் அமுக்கிக்கொண்டு வந்தார்.

கருவி செய்வதும் செய்யாததும்

நாம் உட்கொள்ளும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. நுரையீரல் அதனை இரத்தத்தில் சேர்த்து, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. பிராணவாயு மட்டும் குறைந்தவர்க்கு முகமூடி வழியே அதைக் கொடுத்தால் போதும். காற்றை உள்ளிழுக்கும் ஆற்றலே தளர்ந்தவர்க்கு, வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி, கருவியால் காற்றை ஊட்ட வேண்டும். குழாய் குரல் நாண்களின் இடையே செல்வதால் நோயாளியால் பேச இயலாது. தன்னையறியாமல் குழாயைப் பிடுங்கிவிடாதிருக்கவே சில நேரம் கைகளைத் துணியால் கட்டி வைக்கின்றனர். வேதனை தெரியாதிருக்க உறக்க மருந்து தருகின்றனர். சளியும் உமிழ்நீரும் நுரையீரலுக்குள் இறங்காதிருக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கின்றனர். நாட்கள் நீண்டால் கழுத்தில் சிறு துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றுகின்றனர். இவற்றுள் எதுவும் கொடுமை அன்று.

அதே சமயம் கருவிக்கும் தீங்குண்டு. காற்றை மிகுதியாக ஊட்டினால் நுரையீரல் புண்படும். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வொன்று, நுரையீரல் கடுமையாகப் பழுதுற்றவர்க்கு ஒரு மூச்சின் காற்றைப் பழைய அளவில் பாதியாகக் குறைத்தபோது, இறப்பு நூற்றுக்கு 40 என்ற அளவிலிருந்து 31 ஆகக் குறைந்ததைக் காட்டிற்று. நீண்ட நாள் குழாயோடிருப்பவர்க்கு நிமோனியா வருவதும், உழைக்காத சுவாசத் தசைகள் மெலிவதும் உண்டு. ஆகவேதான் மருத்துவர்கள் நாள்தோறும் உறக்க மருந்தைக் குறைத்து, நோயாளி தாமே மூச்சுவிட இயலுமா என்று சோதிக்கின்றனர்.

கருவி எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். அது தருவது அவகாசம் ஒன்றே. நஞ்சு இறங்க, நிமோனியா ஆற, அறுத்த புண் கூட அவகாசம் தருகிறது. எனவே கையெழுத்துக் கேட்கும் மருத்துவரிடம் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "பிழைப்பாரா?" என்பதன்று; "நாம் எதற்காகக் காத்திருக்கப் போகிறோம் டாக்டர்?" என்பதே. பின்னர், "எத்தனை நாளில் தெரியும்?" என்றும், ஒவ்வொரு நாளும் "நேற்றைவிட இன்று எப்படி?" என்றும் கேளுங்கள்.

நம் சரிவுகளில் இக்கேள்விக்கு நம்பிக்கையான விடை கிடைக்கும் நோயாளிகள் பலர். கட்டுவிரியன் தீண்டியவரைப் பற்றிக் கூறினோம். தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கும்போது அது உடலில் ஏறியவர்கள் மற்றொரு வகையினர். இவர்களிடம் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. முதல் நாள் தேறியவர் போலத் தோன்றி, இரண்டாம் மூன்றாம் நாளில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமற் போனால், மூச்சுத் தசைகள் தளரப்போகின்றன என்பதற்கு அது அடையாளம். தேறிவிட்டார் என்று எண்ணி அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். உரிய மருந்தும் மூச்சுத் துணையும் கிடைத்தால் இவர்களுள் பலர் முழு நலத்தோடு மீண்டும் ஜீப் ஏறுகின்றனர்.

அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோருக்கு

பெரிய அறுவைச் சிகிச்சைகள் பலவற்றில் தசைகளைத் தளர்த்த மருந்து தருவதால், நோயாளியின் மூச்சு முழுவதும் மயக்க மருந்து மருத்துவரின் கையில் இருக்கிறது. அவருக்கு உதவ நம் இல்லத்தார் செய்யவேண்டியவை சில. வெறும் வயிறாக இருக்கச் சொன்னால், "புள்ள வாடிருச்சே" என்று இரக்கப்பட்டு ஒளித்து ஒரு வாய் காப்பியோ இட்லியோ கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆடும் பல், பொய்ப்பல், ஆஸ்துமா, முன்பு மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே விட்டொழியுங்கள். வயிற்றில் அறுவை முடிந்தபின், வலிக்கு அஞ்சி மூச்சை அடக்கிப் படுத்திருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கும். தலையணையைத் தையலின் மேல் அணைத்துக்கொண்டு இருமுங்கள், எழுந்து உட்காருங்கள், மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்தால் சொன்னபடி இழுங்கள். அந்தப் பந்துகளை இழுக்கச் சோம்பியவர் பெரிய கருவிக்குப் போக நேரிடலாம்.

காத்திருக்க ஒன்றும் இல்லாதபோது

இனி இரண்டாம் அச்சத்திற்கு வருவோம். சென்ற ஆண்டு, எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர், நுரையீரற் புற்றுநோய் உடலெங்கும் பரவிய நிலையில், வெளியூர் மருத்துவமனையில் மூன்று வாரங்கள் கருவியோடு இருந்தார். நகைகள் அடகுக்குப் போயின. நிலம் விலை பேசப்பட்டது. மருத்துவர்கள் இனி மீட்சியில்லை என்று தெளிவாகக் கூறியும், மூத்த மகன் தலையசைக்க மறுத்தார். "நிப்பாட்டச் சொன்னா அப்பனைக் கொன்ன பாவம் எனக்கு வந்துருமே சாமி" என்று நம் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார்.

இக்கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. 1957 நவம்பர் 24 ஆம் நாள், மயக்க மருந்து மருத்துவர்களிடம் உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இக்கருவியைப் பற்றியே விளக்கம் தந்தார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை நமக்குண்டு. தனக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கட்டாயம் இல்லை. மீளும் நம்பிக்கையற்றவரிடமிருந்து இக்கருவியை நீக்குவது கொலைக்கு ஒப்பாகாது என்பது அவர் உரையின் சாரம். 1980 மே 5 ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும், திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 2278 ஆம் எண்ணும் இதனையே உறுதி செய்கின்றன. நோயாளியைச் சாகடிக்க எண்ணிச் செய்யும் எச்செயலும் பாவமே. சாவைத் தடுக்க இயலாமையை ஏற்றுக்கொள்வது பாவம் அன்று. அப்போதும் வலி நீக்கலும் தூய்மையும் அன்பான பராமரிப்பும் நிற்கக்கூடாது.

புனித இரண்டாம் அருள் சின்னப்பரின் இறுதி நாட்கள் நமக்கு நல்ல பாடம். 2005 பிப்ரவரி 24 ஆம் நாள், மூச்சுத் திணறலுக்காகக் கழுத்தில் துளையிடும் சிகிச்சையை அவர் ஏற்றார். நிலை முற்றியபோது மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லாமல், வத்திக்கானில் தம் அறையிலேயே ஏப்ரல் 2 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஏற்கவேண்டியதை ஏற்கவும் விடவேண்டியதை விடவும் அவர் அறிந்திருந்தார்.

நம் நாட்டின் சட்டமும் இதற்கு வழி வகுத்துள்ளது. 2018 மார்ச் 9 ஆம் நாள், குரங்கணித் தீக்கு இரு நாட்களுக்கு முன், உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிகளை வகுத்தது. 2023 ஜனவரியில் அவற்றை எளிதாக்கியது. இரு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்ப வேண்டும்; குடும்பத்தாரின் இசைவும் வேண்டும். பணமில்லை என்பதற்காக ஒருவரை அவசரமாக அனுப்பிவிடுவதற்கு அந்நெறிகள் இடம் தருவதில்லை.

அந்த மகனிடம் நாம் சொன்னது இதுதான்: "அப்பாவைக் கொல்வது அவருடைய நோய். நீ இத்தனை நாளும் அவரைத் தாங்கிப் பிடித்தாய். இனி அவரைப் பிதாவின் கையில் கொடு." குழுக்கள் கையொப்பமிட்டபின், பெரியவருக்கு நோயிற்பூசுதல் கொடுத்தோம். மக்களும் பேரர்களும் சூழ்ந்து செபமாலை சொல்ல, வலியின்றி அன்றிரவே அவர் உயிர் பிரிந்தது.

நோயிற்பூசுதலைப் பற்றி ஒரு சொல். நம் மக்கள் இன்றும் அதனை 'அவஸ்தைப் பூசுதல்' என்றே அழைத்து, குருவானவர் வந்தால் சாவு வந்துவிட்டதென்று அஞ்சி, இறுதி நொடிவரை அழைக்காமல் இருந்துவிடுகின்றனர். கருவியின் மீதுள்ள அச்சமும் இத்தகையதே. இரண்டையும் காலம் கடந்து நாடுவதால், இரண்டுமே சாவின் அடையாளங்களாகிவிட்டன. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே பூசுதல் பெறுங்கள். பாம்பு தீண்டினால் மந்திரிப்பவரிடம் நேரத்தைப் போக்காது 108ஐ அழையுங்கள்.

கருவியோடு கிடப்பவரின் அருகில் நிற்கும்போது, அந்தத் தாய் சொன்னதை மறவாதீர்கள். அவருக்குக் காது கேட்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கைகளைக் கழுவிக்கொண்டு, அவர் கையைப் பற்றி, பெயரைச் சொல்லி அழையுங்கள்; வீட்டுச் செய்தி கூறுங்கள்; செபம் சொல்லுங்கள். அவருடைய மூச்சைக் கருவி பார்த்துக்கொள்ளும். அவருக்குத் துணையாக நிற்பது நம் வேலை.